குப்பைக்குள் கிடைத்த விலாசம்

இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு உத்தியோகமும் அதிகாரமும் ஒரே வாரத்தில் கிடைத்தால், ஊர்தான் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி சற்று அசந்துவிட்டது. நாசரேத்து வாத்தியார் மகனான நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு முடித்து, நகராட்சியில் தற்காலிக வேலையில் சேர்ந்தேன். (‘தற்காலிக’ என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் விட்டுவிட்டேன்.)

மில்லர்புரம் பக்கம் ஒரு காலி மனை. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று பலகை நட்டோம். பலகையில் சாய்த்துக் கொட்டினார்கள். தண்டோரா போட்டோம். அதைக் கேட்க வந்தவர்கள் கையோடு குப்பையையும் கொண்டுவந்தார்கள்.

“இந்த மாசத்துக்குள்ள ஒரு ஆளையாவது பிடியும். இல்லேன்னா உம்ம வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எழுத முடியாது” என்றார் சுகாதார அதிகாரி.

மறுநாள் காலையிலேயே குச்சியும் கையுமாகக் குப்பையைக் கிளறினேன். மீன் செதில், மீன் தலை, உடைந்த சங்கு, அழுகிய வாழையிலை. நடுவே நான்கு இன்லண்டு கடிதங்கள்! நான்கிலும் ஒரே விலாசம். அடுத்த தெருவில் இருக்கும் வெங்காய மண்டி சுந்தரம் அண்ணாச்சி.

நோட்டீஸ் கொடுத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஊருக்கே பாடமாக இருக்கட்டும் என்று, குப்பை மொத்தத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி அவர் வாசலுக்கே கொண்டுபோனேன்.

வண்டி ஓட்டிய மாடசாமி அண்ணன் முப்பது வருஷம் இந்த ஊர்க் குப்பையைப் பார்த்தவர். “சார், சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதிய. கோலம் பெருசா கெடக்கு. ஏதோ விசேஷம் போலுக்கு.”

“தப்புச் செய்தவன் வீட்டில் விசேஷம் இருந்தால் நாம் திரும்பிப் போக வேண்டுமா? குப்பையைத் தட்டுங்க அண்ணே!”

தட்டினார். கோலம் மறைந்தது.

அண்ணாச்சி பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி. நான் கடிதங்களை உயர்த்திப் பிடித்தேன். “இது உங்கள் விலாசம்தானே?”

“ஏலே, படிச்ச காயிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. முக்குக் கடைக்காரன் அதுலதான் பொட்டலம் மடிக்கான். மோந்து பாரு!”

முகர்ந்தேன். பெருங்காயம்.

“நாங்க மீனே திங்காத ஆளுவ. என் வாசல்ல மீன் தலையைக் கொட்டிட்டு நிக்கியே! ஆழ்வார்திருநகரியில இருந்து பொண்ணு பாக்க வாராவ. இப்ப வந்துருவாவ!”

அவர் அழாத குறை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண்தான், “அப்பா, சத்தம் போட்டா குப்பை போவுமா? அள்ளச் சொல்லுங்க” என்றாள். அன்று அந்த வாசலில் மூளை வேலை செய்த ஒரே ஆள்.

மாடசாமி அண்ணனிடம் ஒரே ஒரு மண்வெட்டிதான் இருந்தது. அதை அவர் பிடித்துக்கொண்டார். எனக்கு வாய்த்தது இரண்டு கைகள். புது வெள்ளை பேண்டோடு குனிந்து மீன் தலை பொறுக்கினேன். வேலை போகும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே நினைப்பு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வீட்டு வாடகைக் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, துடைப்பமும் கையுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி யாரு?”

பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை. “முனிசிபாலிட்டி... சானிட்டரி இன்ஸ்பெக்டர்.”

“இன்ஸ்பெக்டரா? இன்ஸ்பெக்டரே வந்து வாசல் கழுவுதாரா!” அவர் கண்கள் விரிந்தன. “அண்ணாச்சிக்கு ஊருல இம்புட்டுச் செல்வாக்கா?”

வெங்காய மண்டிக்காரருக்கு விலை படியும் நேரம் தெரியாதா? அண்ணாச்சி ஒரு நொடிதான் யோசித்தார். “நம்ம பையன்தான். விசேஷம்னு காதுல விழுந்துச்சு, ஓடி வந்துட்டான். வேண்டாம்னாலும் கேக்க மாட்டேங்கான்.” பிறகு என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, “தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க, கேசரி சாப்பிடலாம்” என்றார்.

சாப்பிட்டேன். என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அன்றே நிச்சயமாயிற்று.

செய்தி ஆபீசுக்கு எனக்கு முன்னால் போயிருந்தது. அதிகாரி கேட்ட கேள்விகள் அச்சில் வராது. அண்ணாச்சி புகார் எழுதாததால் பிழைத்தேன். ஏன் கொட்டுகிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். குப்பை வண்டி அந்தப் பக்கம் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதாம். மீன் தலை நாலு நாள் காத்திருக்குமா? மனையோரம் சிமெண்டுத் தொட்டி கட்டி, தினமும் காலையில் வண்டி அனுப்பினோம். மனை மெல்ல மெல்ல வெளுத்தது. வேலையும் நிலைத்தது.

மாப்பிள்ளையின் அப்பா கடைசிவரை அந்தச் செல்வாக்கை நம்பினார். ஆழ்வார்திருநகரியில் சாக்கடை அடைத்தால்கூட எனக்குத்தான் கடிதம் போடுவார்.

அந்த மாப்பிள்ளையின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அன்றுதான் அவர் மனைவி, பந்தியில் எல்லோருக்கும் நடுவே, உண்மையைப் போட்டு உடைத்தார். மாப்பிள்ளை இலையில் வைத்த கை அப்படியே நிற்க, என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ எங்க அப்பா ஏமாந்துட்டாரா?”

“செல்வாக்குல ஏமாந்தாரு. மருமவ விஷயத்துல ஏமாறலையே!”

பேரப்பிள்ளைகள் அன்று வைத்த பேர்தான் ‘குப்பைத் தாத்தா’. இப்போது என் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.