அஞ்சாங்கிளாஸ் ரூம்தான் வேணும்

ஐந்தாம் வகுப்பில் கமோடைப் பொருத்தி, சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசி, அது காயட்டும் என்று மின்விசிறியைத் திருப்பி வைத்த நேரத்தில்தான் ஐந்தாம் வகுப்பைக் கேட்டு போன் வந்தது.

எடுத்தது நர்சம்மா. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள்; வேலையை விட்ட பிறகும் ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. பிள்ளைகள் சேராமல் மூடிக் கிடந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை அவளும் கணவனும் வாங்கி வீடாக்கியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு சமையலறை. இரண்டாம் வகுப்பு கூடம். தலைமையாசிரியர் அறையில் இவர்கள் படுக்கை. மூன்றும் நான்கும் விருந்தினர் அறைகள். ஐந்தாம் வகுப்பைக் குறுக்குச் சுவர் வைத்து இரண்டு குளியலறைகளாக்கியிருந்தான் கணவன். அவன் பிளம்பர். குழாய் போகாத இடம் எதுவும் அவன் கண்ணுக்கு அறையாகவே தெரியாது.

வாசலில் 'விருந்தினர் இல்லம்' என்று பலகை மாட்டி நான்கு மாதம் ஆகிவிட்டது. இதுவரை உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வழி கேட்க வந்தார். இன்னொருவர் மகனுக்கு டி.சி. வாங்க வந்தார்.

"எங்கம்மா ஒரு நாள் வந்து தங்கணும்னு ஆசைப்படறாங்க," என்றது போனில் ஒரு குரல். "ஆனா அவங்களுக்கு அஞ்சாங்கிளாஸ் ரூம்தான் வேணும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த அஞ்சாங்கிளாஸ் பேச்சுதான். நான் டிராவல்ஸ் நடத்தறேன். அம்மாவுக்குப் பிடிச்சிருந்தா வாரா வாரம் உங்களுக்கு ஆள் அனுப்பறேன்."

"அஞ்சாங்கிளாஸ்தானே? தாராளமா வரச் சொல்லுங்க! நாளைக்கேவா? சரிங்க!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கணவன் கையில் சிமென்ட் கரண்டியோடு நின்றிருந்தான்.

"அஞ்சாங்கிளாஸ்ல கமோடு இருக்கு," என்றான்.

"தெரியும்."

"ரெண்டு கமோடு."

"தெரியுங்க! ஆனா வாரா வாரம் ஆள் வரும்னு சொல்றார். வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். சாப்பாட்டு மேஜைமேல் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. கடல் தாண்டிய கட்டுமானக் கம்பெனியிலிருந்து வந்தது. மறுபடி இரண்டு வருஷ ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். பத்து வருஷம் அவன் அங்கேதான் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் வருவான். வந்தவன் வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எடுக்கப் பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டிய நாள் வந்துவிடும். அந்தப் பத்து வருஷமும் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் நர்சம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். இப்போது அவன் பக்கத்து அறையில் இருக்கும்போதுகூட அந்தப் பழக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்தை வாங்கியதே அவன் இனி எங்கேயும் போகக் கூடாது என்றுதான்.

முதல் வைத்தியம் சுலபமாக இருந்தது. கொட்டகையில் கிடந்த பழைய வகுப்புப் பலகைகளைத் தேடி எடுத்தார்கள். நான்காம் வகுப்பு வாசலில் 'ஐந்து' என்ற பலகையை மாட்டினான் பிளம்பர்.

"அப்ப நாலு எங்கே?" என்று அவனே கேட்டான்.

"பாத்ரூம் மேல மாட்டுங்க."

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கார் வந்தது. இறங்கியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட புடவை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் புதுப் பை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்தார்.

"பெரியம்மா, செருப்பைப் போட்டுக்கிட்டே வரலாம். கல்லு குத்தும்," என்றாள் நர்சம்மா.

"குத்தட்டும்மா."

'ஐந்து' என்ற பலகைக்குக் கீழே மறுபடி நின்றார்.

"உள்ள வரலாமா?"

"உங்க ரூம்தானே பெரியம்மா, வாங்க."

வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், பூ ஜாடியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நுழைஞ்சதும் இடது கைப்பக்கம் கரும்பலகை இருக்குமே. நடுவுல பெரிசா ஒரு விரிசல்? அறுபது வருஷம் ஆச்சு. போயிருக்கும்."

"எங்கேயும் போகல பெரியம்மா! பாலிஷ் போடக் கழட்டினோம். சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவோம்."

கரும்பலகை சமையலறையில் நான்கு காலில் நின்றது. அதுதான் சாப்பாட்டு மேஜை. பிளம்பர் முனகிக்கொண்டே காலைக் கழற்றினான். விரிசல் எதுவும் இல்லை.

"லேசா ஒரு தட்டு தட்டுங்க," என்றாள் நர்சம்மா.

பிளம்பருக்கு லேசாகத் தட்டிப் பழக்கமில்லை. சுத்தியல் ஒரு முறைதான் விழுந்தது. கரும்பலகை நேர் பாதியாகப் பிளந்தது.

"விரிசல் கேட்டாங்க. இப்ப ரெண்டு போர்டே இருக்கு. ஒண்ணை மூணாங்கிளாஸுக்கு வச்சுக்கலாம்," என்றான்.

குழாய் தாங்கும் கிளாம்பு எட்டைப் போட்டு இரண்டு பாதியையும் சுவரில் சேர்த்து நிறுத்தினார்கள். அன்று மதியம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடிதத்தை வைக்க இடமில்லாமல் பிளம்பர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது அங்கே துருத்திக்கொண்டு நிற்பது நர்சம்மாவின் கண்ணை உறுத்தியது.

பெரியம்மா விரிசலை விரலால் தடவினார். "இதேதான்," என்றார். உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ஆடுற பெஞ்சு?" என்றார்.

"பெஞ்சா?"

"ஒரு கால் குட்டையா இருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தர் எழுந்தா அந்தப் பக்கம் இருக்கறவங்க கீழே. கிளாஸே சிரிக்கும்."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல பெஞ்சு. அதன் ஒரு காலை பிளம்பர் அறுத்தான். அது ஆடவில்லை, ஒரேயடியாகச் சாய்ந்தது. சமன் செய்ய மறு காலை அறுத்தான். இப்போது அந்தப் பக்கம் சாய்ந்தது. நாலு தடவை அறுத்த பிறகு பெஞ்சு மணைப்பலகை உயரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அழகாக ஆடியது. சோதித்துப் பார்க்க அவன் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தபோது மறுமுனையில் இருந்த நர்சம்மா எழுந்துவிட்டாள். சுத்தியல், ரம்பம், பிளம்பர் மூன்றும் ஒன்றாகத் தரைக்கு வந்தன.

வாசலில் நின்று பார்த்த பெரியம்மா கைதட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இப்படித்தான்! அச்சு அசலா இப்படித்தான்!"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த பிளம்பர் மனைவியின் காதில் சொன்னான்: "அக்ரிமென்ட்ல இதெல்லாம் இல்ல."

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் பெரியம்மா. "கூரை மூலையில ஒரு ஓட்டை. பத்து மணிக்குக் காசு அகலத்துக்கு வெயில் விழும். வாத்தியார்கிட்ட கடிகாரம் கிடையாது. அதைப் பார்த்துத்தான் மணி சொல்வாராம்."

நர்சம்மா அண்ணாந்து பார்த்தாள். போன மாதம்தான் கூரை முழுவதும் ஓடு மாற்றி, உள்ளே வெள்ளைப் பலகை அடித்திருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில நீங்க ஆத்தங்கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க பெரியம்மா. பத்து மணிக்கு வெயில் விழும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு பிளம்பர் கூரைமேல் இருந்தான். "காசு அகலம்! காசு அகலம்!" என்று கீழே நின்று நர்சம்மா கத்திக்கொண்டிருந்தாள். ஒரு ஓடு நழுவியது. அதைப் பிடிக்கப் போய் இரண்டு ஓடு நழுவியது. அவற்றைப் பிடிக்கப் போனவனின் இடது கால் பலகையைப் பொத்துக்கொண்டு அறைக்குள் இறங்கி, கட்டிலுக்கு நேர் மேலே தொங்கியது.

"அடி பட்டுச்சா?" என்று அலறினாள்.

"கால்ல இல்ல!"

காலை மேலே இழுத்து, மரத்தூளைக் கூட்டித் தள்ளுவதற்கும் பெரியம்மா திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பத்து மணிக்கு வெயில் விழுந்தது. காசு அகலத்துக்கு அல்ல, தாம்பாள அகலத்துக்கு. பெரியம்மா அதன் நடுவில் போய் நின்றார். வெயில் தலையில் விழுந்து தோளில் வழிந்தது.

"இவ்வளவு பெரிசா?" என்றார். "நான்தான் சின்னதா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நர்சம்மா பிளம்பரை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"உண்மையைச் சொல்லிடலாங்க. அவங்க உட்கார்ந்து படிச்ச இடம் இது இல்லன்னு சொல்லிடலாம். பாவமா இருக்கு."

"சொன்னா வாரா வாரம் ஆள் வராது. நான் பெட்டி கட்டணும்."

அவள் அவன் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, எனக்காக ஒண்ணு பண்ணுவியா? வருகைப் பதிவு எடுப்பாங்கள்ல, அது மாதிரி என் பேரை ஒரு தடவை கூப்பிடறியா?"

விருந்தினர் பதிவேட்டை எடுத்து வந்தாள் நர்சம்மா. அதில் இருந்ததே ஒரு பெயர்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்று, வார்டில் நோயாளிகளைக் கூப்பிடும் குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

குட்டைப் பெஞ்சிலிருந்து பெரியம்மா கஷ்டப்பட்டு எழுந்தார். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கையைக் கட்டினார்.

"உள்ளேன் ஐயா."

உட்கார்ந்தார். "இன்னொரு தடவை," என்றார் வெட்கத்தோடு.

நர்சம்மா நான்கு தடவை கூப்பிட்டாள்.

அப்புறம் பெரியம்மா மகனுக்கு போன் போட்டார். "ஆள் அனுப்புடா. எவ்வளவு பேர் வேணும்னாலும் அனுப்பு. ஆனா இந்த அஞ்சாங்கிளாஸை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதே. மாசம் ஒரு தடவை நான் வருவேன். எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

பிளம்பர் அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தான். "மழை பெஞ்சா?"

"பக்கெட் வைங்க," என்றாள் நர்சம்மா.

"கம்பெனிக்கு என்ன எழுதட்டும்?"

"வேலை இருக்குன்னு எழுதுங்க. வீட்லயே இருக்குன்னு எழுதுங்க." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மதியம் பெரியம்மாவை அழைத்துப் போக அவருடைய தம்பி வந்தார். தடித்த கண்ணாடி, கைத்தடி. "எங்கேக்கா உன் அஞ்சாங்கிளாஸ்?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் போனார். கிளாம்பு போட்ட பலகையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பாத்ரூம் எங்கேம்மா?" என்றார்.

கை காட்டினாள் நர்சம்மா. போனவர் வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அஞ்சாங்கிளாஸ் இதுதானே? இந்தக் குளியலறைதானே?"

நர்சம்மா கையைக் கூப்பினாள். "தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க. பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க மனசு தாங்காது."

"நீதாம்மா சொல்லிடக் கூடாது," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விரிசல், ஆடுற பெஞ்சு, ஓட்டை எல்லாம் நான் தினம் சாயங்காலம் அவளுக்கு அளந்த கதை, இங்கே படிச்சது நான்தான், எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து கேட்டுக்கு வெளியில நின்ன எங்கக்காவை ஒரு நாள்கூட உள்ள விட்டதில்லம்மா."