தலையணை வயிற்றில் செய்வினை

டயர் கடை மாடிக்குப் போகும் படிக்கட்டில் விடிந்ததிலிருந்து கால் வைக்க இடமில்லை. மேலே இருப்பவர் குழல் சாமி. குழந்தையின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். யாரோ வைத்த செய்வினை கறுப்புக் கட்டியாக அவர் வாய்க்கு வந்துவிடும். ஆஸ்பத்திரி ஸ்கேனில் அகப்படாத கட்டி அது. அகப்படாததால்தான் அதன் மேல் இவ்வளவு நம்பிக்கை.

கட்டி வந்தபின் பத்தியம். ஊறவைக்காத பச்சைத் தவிட்டை மூன்று வேளையும் கரைத்துக் கொடுக்க வேண்டும். பால், முட்டை, இறைச்சி கூடாது. பேதியானால் மிச்ச செய்வினை இறங்குகிறதென்று அர்த்தம். நிற்காவிட்டால் மறுபடி அவரிடமே வர வேண்டும். நிற்காது, வருவார்கள். வியாபாரம் என்றால் இதுவல்லவா வியாபாரம்.

தையல்காரரின் மூன்று வயது மகளும் வந்து வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் கட்டி வந்தது; பிள்ளைதான் தேய்ந்துகொண்டே போனது. போன வருடத்துச் சட்டை இந்த வருடம் தொளதொளத்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற அப்பனுக்கு அந்த அளவு மட்டும் புரியவில்லை.

அவருடைய மைத்துனிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"மாமா, புள்ள ரத்தத்த எங்க கூடத்துல சோதிச்சுப் பார்த்தேன், துத்தநாகச் சத்து ரொம்பக் கம்மி. தவிட்டுல பைட்டேட்டுனு ஒண்ணு இருக்கு. அது துத்தநாகத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கும், குடல் அத உறிஞ்ச விடாது. துத்தநாகம் இல்லேன்னா சாப்பாட்ட செரிக்க வைக்கிற குடல் நொதியெல்லாம் சோர்ந்துபோகும். செரிக்காதது பேதியாப் போகும். பேதியோட இருக்கிற துத்தநாகமும் போயிடும்."

"கட்டிய நான் கண்ணால பார்த்தேன்மா. உன் நொதிய எவன் பார்த்தான்?"

"சரி, இன்னொரு தடவை பார்த்துடுவோம். நீங்க முன்னால போய் இடம் பிடிங்க. நான் தூக்கிட்டு வர்றேன்."

வெளிச்சம் பட்டால் கட்டி பதுங்கிவிடும் என்பது சாமியின் சட்டம். பிள்ளையைத் தலையோடு கால் போர்த்தித்தான் கொண்டுவர வேண்டும். அவளும் அப்படியே கொண்டுவந்து கிடத்தினாள். சாமி கண்ணை மூடி, போர்வை மேல் குழலை வைத்து, உறிஞ்சித் துப்பினார். தட்டில் கறுப்புக் கட்டி விழுந்தது.

"வலுவான செய்வினை. புள்ள தூங்குது, எழுப்பாதே" என்றார்.

"எழுப்பினாலும் எழுந்திருக்காதுங்க."

போர்வையை விலக்கினாள். உள்ளே தலையணை. பிள்ளை வீட்டில் அம்மா மடியில் முட்டை தின்றுகொண்டிருந்தது.

தையல்காரர் தலையணையையே பார்த்தார். கடையில் மிஞ்சிய துண்டுத்துணியை அடைத்து அவர் கையால் தைத்தது. அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது. எழுந்து போய்ச் சாமியின் தாடையைப் பிடித்தார்.

"வாயத் திற."

கன்னத்துக்குள் அடுத்த பிள்ளைக்கான கட்டி தயாராக இருந்தது. மெழுகில் உருட்டிய முடி.

துத்தநாக மருந்தும் பாலும் முட்டையும் தவிட்டுக்கு விடைகொடுத்தன. பேதி நின்றது. சில மாதத்தில் சட்டை இறுக்கிப் பிடிக்க, தையல்காரர் மடிப்பைப் பிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் அழுததை மறைக்கவில்லை.

படிக்கட்டுக் கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒரு தலையணைக்குப் போய்ச் செய்வினை வைத்த பாவி யாராக இருக்கும் என்று அவர்களுக்குள் விவாதம். துணி அடைத்த தலையணை யோசிக்காதது குற்றமில்லை, ஐயா. உங்கள் தலையில் அடைத்திருப்பது துணி இல்லையே?