கணக்குப் பரீட்சையும் கீச்சானின் கோபமும்

எங்கள் பக்கத்துக் கடலுக்குக்கூட வருஷத்தில் சில நாள் கோபம் தணியும். கீச்சானுக்குத் தணிந்து நான் பார்த்ததே இல்லை. வெயில்மேல் கோபம். பஸ் கண்டக்டர்மேல் கோபம். இட்டிலி வேகவில்லை என்றால் கோபம், நன்றாக வெந்திருந்தால் அதைவிடக் கோபம். ஆனால் இதெல்லாம் சில்லறை. மொத்தக் கோபத்தையும் அவர் சேர்த்து வைத்திருந்தது, பரீட்சை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நின்று "உனக்கு இன்னா வந்துச்சு? எனக்கு இது வந்துச்சு" என்று விடையை ஒத்துப்பார்க்கும் கும்பலுக்காக.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூர்ப் பையன்களாகிய எங்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். தேறினால் காலேஜ், தவறினால் கூலி வேலை. காசிமேட்டுக்காரரான கீச்சானும் அங்கேதான் எழுதினார். எங்களைவிட மூத்தவர், முறுக்கு மீசை வேறு. தவறித் தவறி எழுதுகிறவர்.

முதல் நாள் தமிழ். வெளியே வந்த இரண்டு பேர், ஒரு செய்யுளுக்குப் பொருள் எழுதியதைப் பற்றி வாய் திறந்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கேள்வித்தாள் சுக்கல் சுக்கலாகப் பறந்தது.

"எய்தியாச்சில்ல? அப்பால இன்னாடா பேச்சு? இன்னொரு தபா பேசினே, உன்னையே கீச்சிடுவேன்!"

கிழிப்பதைக் 'கீச்சிடுவேன்' என்று சொன்னதால் அன்று மாலையே அவர் கீச்சான் ஆகிவிட்டார். கீச்சான் என்று ஒரு சின்ன மீன் உண்டு, தொட்டால் முள்ளால் குத்தும். அதனால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது.

மறுநாள் இங்கிலீஷ். எல்லாரும் கேள்வித்தாளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். கீச்சானும் ஏறினார். யாரும் மூச்சு விடவில்லை. பாவம், கண்டக்டருக்கு விஷயம் தெரியாது.

"இன்னா தம்பிங்களா, கட்டுரைக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்த நிறுத்தம் வரை கண்டக்டர் டிரைவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

மூன்றாம் நாள் கணக்கு. எங்கள் வகுப்பில் முதல் ராங்க் மூர்த்தி என்று ஒருவன். கேட்டைத் தாண்டியதும் ஜட்ஜு மாதிரி தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தான். "தொட்டி நிரம்புற கணக்குக்கு ஆறு மணி நேரம். வேற எது போட்டிருந்தாலும் சுழி!"

என் சிநேகிதன் கண்ணப்பன் எட்டு என்று போட்டிருந்தான். அடுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. மூர்த்தி சிரித்தான். "உனக்குப் போச்சுடா!" அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது.

கண்ணப்பனின் அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமப்பவர். தவறினால் மறுநாளே தன்னோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். கண்ணப்பன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கு சயின்ஸுக்கு நான் வர்ல. கணக்கு போனா எல்லாமே போச்சு. எதுக்கு எய்தணும்?"

நிழல் விழுந்தது. கீச்சான்! கிழிக்கப்போகிறார் என்று நாங்கள் விலகினோம். அவர் கிழிக்கவில்லை. அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்தால், கிழிப்பதே தேவலை என்று தோன்றியது.

"வர்லியா? ஏன்டா வர்ல? இதே மாதிரி எவனோ ஒரு சோமாரி, 'உன்க்கு கணக்கு புட்டுக்கிச்சுடா'ன்னு என்னாண்டயும் சொன்னான். நானும் சயின்ஸ் எய்தாம வூட்டாண்ட குந்திகினேன். அப்பால மார்க்கு வந்துச்சு. கணக்குல நான் பாஸ்டா! பாஸ்! சயின்ஸ்ல சைபர். அன்னிலேந்து ஒண்ணு தேறினா ஒண்ணு தேறல. டேய், வூடு எங்கடா உன்க்கு?"

எங்கள் தெருவை நான் சொன்னேன்.

மறுநாள் காலை நான் போனபோது கண்ணப்பன் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே கிடந்தான். அவன் அம்மா வெளியே அழுதுகொண்டிருந்தாள். அதற்குள் தெருமுனையில் குரல் கேட்டது. எங்கள் தெருவே வெளியே வந்துவிட்டது.

"தொறடா! தொறக்கலைன்னா கதவைக் கீச்சிடுவேன்!"

"யாருப்பா நீ?" என்றாள் அம்மா பயந்துபோய்.

"நான் பெயிலும்மா!" என்றார் கீச்சான். அவ்வளவுதான் அறிமுகம்.

கதவு திறந்தது. தலைகூட வாராமல் கண்ணப்பனை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். பஸ் வர நேரமாகி, ராயபுரத்தில் இறங்கியபோது மணி அடித்துவிட்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, கீச்சான் தன் பையைத் தடவினார். ஹால் டிக்கெட் இல்லை. இருட்டோடு கிளம்பிய அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டார்.

காசிமேட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார். அதற்குள் அரை மணி தாண்டிவிட்டது. மேற்பார்வையாளர் கேட்டைத் திறக்கவில்லை. சட்டப்படி அவர் செய்தது சரி. சட்டப்படி சரியாக நடந்துகொண்ட அந்த மனுஷர்மேல் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது. ஜன்னல் வழியாகக் கீச்சானின் கூச்சல் கேட்டது. திடீரென்று நின்றது. கூச்சல் கேட்டபோதுகூட எழுதினேன். நின்ற பிறகுதான் எழுத முடியவில்லை.

வெளியே வந்தோம். கீச்சான் மதில் சுவரில் குந்தியிருந்தார்.

"எய்தினியா?"

"எய்தினேன் அண்ணாத்தே."

"ம். எவனாண்டயும் பேசாம வூட்டுக்குப் போ."

கண்ணப்பன் தேறினான். மூர்த்தி சொன்ன ஆறு மணி நேரம்தான் சரி. அதனால் என்ன? அந்தக் கணக்கு தப்பாகியும் இவன் தேறிவிட்டான், காலேஜுக்கும் போனான். கீச்சான் அதற்கப்புறம் பரீட்சைப் பக்கமே வரவில்லை. அண்ணன் படகில் கடலுக்குப் போய்விட்டார்.

ரிசல்ட் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போனோம். வலையை உதறிக்கொண்டிருந்தார். கண்ணப்பன் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காலில் விழப்போனான்.

"அட, எந்திரிடா! மொட்டை வெயில்ல இதைச் சொல்றதுக்கா வந்தீங்க? நாஸ்தா துன்னீங்களா? துன்னாம வந்துகீறானுங்க பாரு, அறிவுகெட்டவனுங்க!" என்று திட்டிக்கொண்டே எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடையில் உட்கார வைத்தார். முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு எத்தனையோ பேர் என்னைக் கோபித்துக்கொண்டார்கள், மேலதிகாரிகள் உட்பட. எல்லாம் அவரவருக்காகப் பட்ட கோபம். கீச்சானிடம் இன்னும் ஒரே ஒரு தடவை திட்டு வாங்கினால் தேவலை என்று இருக்கிறது.