ஹெட் கிளார்க்கின் மெல்லெப்போக்கு

இதனால் மட்டாஞ்சேரியிலும் அதைச் சூழ்ந்த காயல், தீவு, படகுத்துறை ஆகிய இடங்களிலும் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், பஜார் ரோடு மிளகு கோடவுனின் ஹெட் கிளார்க் ஸ்ரீமான் வெங்கிடராமன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை முதல், எதையும் அவசரமாகச் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

இந்த முடிவு முதன்முதலில் ஓர் இட்லியின் முன்னிலையில் வெளியானது.

"ஏன்னா, அந்த ஒரு இட்லியை எத்தனை நாழியா பாத்துண்டிருக்கேள்?" என்றாள் அவர் மனைவி கமலாக்ஷி.

"நிதானமா ரசிச்சுச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"ரசிக்க அதுல என்ன இருக்கு? முந்தாநாள் மாவு."

"ஒனக்குப் புரியாது. பிரஷர் ஏறியிருக்கு. இப்படியே ஓடினா ஒரு நாள் நின்னுடும்னார். எது நிக்கும்னு நான் கேட்டுக்கலை."

"இப்போ குழாய் நிக்கப் போறது. போய்க் குளிங்கோ."

அவர் நிதானமாகக் குளிக்கப் போனார். நகரசபைத் தண்ணீருக்கு அந்த நிதானம் இல்லை. முகத்தில் சோப்பு நுரையோடு அவர் கைகளால் துழாவிக்கொண்டு நிற்க, கமலாக்ஷி குடிக்க வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து தலையில் கவிழ்த்தாள். அதில் நிதானம் எதுவும் இல்லை.

வெங்கிடராமனின் வேகம் பஜார் ரோடு முழுவதும் பிரசித்தம். கோடவுனில் அவருக்குத் 'தீவண்டி', அதாவது ரயில், என்று பெயர். கோடவுனுக்கு முன்பக்கம் ரோடு, பின்பக்கம் காயல். சுமட்டுக்காரர்கள் மிளகு மூட்டைகளைத் தலையில் ஏற்றி, ஓர் ஆள் மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றைப் பலகைமேல் நடந்து போய் வள்ளத்தில் அடுக்குவார்கள். வள்ளம் அதைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் வெங்கிடராமன் அந்தப் பலகைமேல் ஓடுவார், வள்ளத்தில் அடையாளம் பார்ப்பார், தராசைப் பார்க்கத் திரும்பி ஓடிவருவார், மறுபடி ஓடுவார். தான் ஓடாவிட்டால் ஒரு மூட்டைகூட நகராது என்பது அவருடைய அபிப்பிராயம். மற்றவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஆனால் இந்த வியாழக்கிழமை சாதாரண நாள் இல்லை. மேனேஜர் ஓய்வு பெற்றாகிவிட்டது. "இன்னிக்கு சரக்கு கப்பலுக்குப் போகட்டும், புது மேனேஜர் யாருன்னு சொல்றேன்" என்று முதலாளி சேட்டு சொல்லியிருந்தார். போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: வெங்கிடராமன், இரண்டாவது கிளார்க் பிச்சைமணி. பிச்சைமணி ஓடி யாரும் பார்த்ததில்லை. டெலிபோன் அவன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே அவனுடைய தகுதி. மேனேஜரின் சுழல் நாற்காலியில், மேனேஜர் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், வெங்கிடராமன் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தார். அந்தச் சுற்று இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை.

ஓடுகிறவனை யாரும் மேனேஜராக்குவதில்லை என்று அன்று காலை பஸ்ஸில் அவருக்குத் தோன்றிற்று. ஆக, டாக்டருக்கும் நல்லது, நாற்காலிக்கும் நல்லது என்று கோடவுனுக்குள் மெல்ல நடந்து போனார்.

மூட்டையோடு எதிரே வந்த நாணு நின்றுவிட்டான். சுமட்டுக்காரர் யூனியனின் கன்வீனர் அவன்.

"எந்தா சாரே, தீவண்டி இன்னிக்கு லேட்டாணோ?"

பதில் சொல்லுமுன் ஒரு முறை மூச்சை இழுத்து விடவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. வெங்கிடராமன் இழுத்தார். விட்டார். நாணு அதற்குள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டான்.

"இனிமே எல்லாம் மெதுவாத்தான் நாணு. பறந்து பறந்து நாம என்னத்தைக் கண்டோம்? ஒடம்பு நம்மளது. கப்பல் யாரோடதோ."

யூனியனில் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் கிளார்க்கின் வாயிலிருந்தும் நாணு இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"மெல்லெப்போக்கு சமரமாணோ சாரே?"

மெல்லெப்போக்கு என்பது அந்த வருஷங்களில் கேரளத்தில் சாயாவைப் போல எங்கும் கிடைத்த ஒரு போராட்டம். வேலைக்கு வரவேண்டும், வேலையும் செய்யவேண்டும், ஆனால் நத்தை நம்மைத் தாண்டிப் போகும்படி செய்யவேண்டும்.

வெங்கிடராமன் மறுபடி மூச்சை இழுத்தார். அவர் விடுவதற்குள் நாணு, "மனசிலாயி" என்று போய்விட்டான்.

சற்று நேரத்தில் மூட்டைகள் திருவிழாச் சாமி போலப் புறப்பாடு காணத் தொடங்கின. ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆலோசனை. அதைக் கண்ட வெங்கிடராமனுக்கு டாக்டர் இறக்கச் சொன்னது ஏறியது. நாணுவைக் கூப்பிட்டார்.

"இது என் சொந்த விஷயம் நாணு. இதுல யாரும் என்னோட சேர வேண்டாம். போய் எப்பவும் போல வேலையைப் பாருங்கோ."

நாணுவின் கண் கலங்கிவிட்டது. "சார் ஒருத்தரா நின்னு கஷ்டப்படண்டா. ஞங்களுண்டு" என்று சொல்லிவிட்டு, முன்னைவிட மெதுவாகத் திரும்பிப் போனான்.

அதற்கு மேல் வெங்கிடராமனால் முடியவில்லை. டாக்டர், மூச்சு, நிதானம் எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைமேல் ஓடினார். "சீக்கிரம், சீக்கிரம். நகருங்கோ. கப்பல் போயிடும்."

சுமட்டுக்காரர்கள் எல்லாரும் மூட்டையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"தொடங்கினதும் சார், இப்ப முடிக்கறதும் சாரா?" என்றான் நாணு. "இதுக்கு ஞங்கட யூனியன்ல ஒரு பேருண்டு."

"என்ன பேரு?"

"கருங்காலி."

மெதுவாக நடந்த வேலை இப்போது நின்றேவிட்டது. வெங்கிடராமன் கெஞ்சினார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: அவர்கள் எழுந்து மெதுவாகவாவது வேலை செய்வார்கள், அவர் ஓடக்கூடாது, பலகைப் பக்கமே வரக்கூடாது, தலைவர் என்ற முறையில் ஆபீஸ் அறையில் மரியாதையாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். நாணு வந்து மேஜைக்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனான்.

எதிர் மேஜையில் பிச்சைமணி டெலிபோனை எடுத்தான்.

"சேட்டு வீடுங்களா? கோடவுன்ல மெல்லெப்போக்குங்க. தலைமையா? நம்ம ஹெட் கிளார்க்தான். ஆமாங்க, கொடி கட்டியிருக்கு. செவப்பு."

ஒவ்வொரு வார்த்தையையும் அவன் நிதானமாக, ரசித்துச் சொன்னான். டாக்டர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வெங்கிடராமன் அவசரமாகத் துணியை அவிழ்த்தார். தண்ணீர் குடிக்க வந்த ஒரு சுமட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டுப் போனான். நாணு திரும்பி வந்து, இன்னும் பெரிய துணியாகக் கட்டினான்.

ஆபீஸ் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. பின்னால் காயல் பக்கம் எத்தனை மூட்டை நகர்ந்தது, நகர்ந்ததா இல்லையா என்று எதுவும் தெரியாமல், கமலாக்ஷி கட்டிக்கொடுத்த தயிர் சாதத்தைத் திறக்காமல், அவர் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே சேட்டுவின் கார் வந்து நின்றது.

உள்ளே வந்த சேட்டு முதலில் கொடியைப் பார்த்தார். பிறகு கொடிக்கு மேலே இருந்தவரைப் பார்த்தார்.

"வெங்கிட்ராமன், கப்பல் நிக்குது. உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சேட்டு."

"ஒண்ணும் வேண்டாம்னா எதுக்கு சமரம்?"

வெங்கிடராமன் மூச்சை இழுத்தார். இந்த முறை வேண்டுமென்று இழுக்கவில்லை. அது தானாகவே உள்ளே போய் வெளியே வர மறுத்தது. சேட்டு வியாபாரி. எதிராளி வாயைத் திறக்காவிட்டால் விலை போதவில்லை என்று அர்த்தம் என்பது அவர் அனுபவம்.

"புரியுது. மேனேஜர் நாற்காலி வேணும். அதுக்குத்தானே இத்தனை?"

பயத்தில் வெங்கிடராமனுக்கு மூச்சும் பேச்சும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

"ஐயோ, அப்படி இல்லை சேட்டு. எனக்கு அந்த நாற்காலியே வேண்டாம். பிச்சைமணிக்கே குடுத்துடுங்கோ. சமரத்துக்குக் காரணம் நான்தான், தப்பு என்னோடதுதான். சரக்கு போய்ச் சேர்ந்தா எனக்கு அதுவே போதும்."

சேட்டு ஒரு கணம் யோசித்தார். இவ்வளவு மலிவாக எந்தச் சமரமும் முடிந்து அவர் பார்த்ததில்லை.

"அச்சா. பிச்சைமணி, போய் உக்காரு. சரக்கு ராத்திரிக்குள்ள போகணும்."

அந்தக் கோடவுனில் அதுவரை யாரும் கண்டிராத வேகத்தில் பிச்சைமணி போய் உட்கார்ந்தான். நாற்காலி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

சேட்டு கார் ஏறியதும் வெங்கிடராமன் சிவப்புத் துணியைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு, சமரம் முடிந்தது, இனி ஓடலாம் என்று சொல்லப் பின்பக்கம் ஓடினார். காலையிலிருந்து அவர் செய்த ஒரே சந்தோஷமான காரியம் அந்த ஓட்டம்தான்.

படித்துறையில் ஒருவரும் இல்லை. நாணு இல்லை, மூட்டைகள் இல்லை, வள்ளமும் இல்லை. சாயா விற்கும் பேச்சியம்மாள் மட்டும் குத்தவைத்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கே எல்லாரும்? சரக்கு எங்கே?" என்றார் வெங்கிடராமன்.

"எல்லாம் ஏத்தியாச்சுல்லா சாரே. ரெண்டு மணிக்கே வள்ளம் கப்பலுக்குப் போயிட்டு. அவுக எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாக."

"எப்பவும் இருட்டற வரைக்கும் ஆகுமே. அதுவும் மெல்லெப்போக்குல எப்படி முடிஞ்சுது?"

பேச்சியம்மாள் கடைசிக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெனமும் நீங்க பலகை மேல ஓடுவிய, அவுக மூட்டையோட ஒதுங்கி நிப்பாக. இன்னைக்குப் பலகை காலியா கெடந்துச்சு."