உங்கள் தங்கையின் நுண்ணோக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது குறித்து

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை மட்டும் சுகத்தையெல்லாம் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணத்தால் விட்டுப்போன பள்ளித் தேர்வை ஐம்பது வயதில் எழுதப்போகிறேன் என்று அவள் சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, காய் நறுக்கிக் கொடுத்தேன், துணி காயப்போட்டேன். ஆனால் உயிரியல் மண்டையில் ஏறவில்லை என்று அவள் உங்களிடம் மூக்கைச் சிந்தியதும், பாசம் பொங்கி ஒரு நுண்ணோக்கியை அனுப்பிவைத்தீர்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. முதலில் வெங்காயம் போயிற்று. உள்சவ்வை உரித்து அவள் கண்ணாடித் துண்டில் பரப்புவாள், மிச்சம் குழம்புக்கு. பிறகு, மதியத் தூக்கத்தில் நான் வாய் பிளந்து கிடந்தபோது, பல்குத்தும் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டினாள். பதறி எழுந்தால், "அசையாதீங்க, உங்க செல்லு ஓடு பதிச்ச தரை மாதிரி அழகா வருது" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் கண்ணுக்கே தெரியாத அளவில். அடுத்த வாரம் தட்டில் சிவப்பாக, நடுவில் இருபுறமும் அமுங்கிய வட்டங்கள் இருந்தன. பலகாரம் என்று நினைத்து இரண்டைத் தின்றுவிட்டேன். "அது ரத்தச் சிவப்பணுங்க, மாவுல செஞ்சு வெச்சது. பயப்படாதீங்க, அதுக்கு உட்கரு கிடையாது, தொண்டையில சிக்காது" என்றாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். குழாய் ஒழுகுகிறதே என்று பார்க்க வந்த வீட்டுக்காரர், சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, "என்னம்மா, தலைப்பிரட்டையா" என்று கேட்டுத் தொலைத்தார். "இல்ல சார், விந்தணு. நீந்தணும்ல, அதான் வாலு. சக்திக்கு இங்க பாருங்க, மைட்டோகாண்ட்ரியா. தேவையில்லாத சாமான் ஒண்ணுகூட இல்ல." மனிதர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, குழாயைப் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த வெட்கத்தில் நான், "இந்த வயசுல பரீட்சை எழுதி என்ன கிழிக்கப்போற" என்று கேட்டுவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நரம்புச் செல்லு சேதி கொண்டுபோகணும்னு நீளமா இருக்கு. சிவப்பணு ஆக்ஸிஜனுக்கு எடம் வேணும்னு உட்கருவையே விட்டுடுச்சு. ஒவ்வொண்ணும் அதது வேலைக்குத் தக்கபடி இருக்கு. நான் எதுக்குத் தக்கவள்னுதான் இன்னும் தெரியல. அதைக் கண்டுபிடிக்கலாம்னு பார்த்தேன். வேணாம்னா விடுங்க."

நுண்ணோக்கியைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் ஏற்றினாள். புத்தகத்தையும் மூடிவிட்டாள். சில நாளாக வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. எனக்கு வேண்டியதும் இதுதானே. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு, தேர்வு வேண்டாம் என்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடவும்.

பிள்ளைகள் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வொரு அணுவும் ஒழுங்காக வேலை செய்து நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். உங்களுக்காகக் கட்டிவைப்போம் என்று அந்தப் பொருளைக் கீழே இறக்கினேன். சும்மா ஒரு தரம் பார்ப்போமே என்று தொட்டிச் செடியின் இலைக்கு அடியிலிருந்து தோலைக் கிள்ளி வைத்தேன். மச்சான், இலைக்கு வாய் இருக்கிறது. ஒன்றல்ல, எண்ண முடியவில்லை. என்னையறியாமல் "ஏய், இங்க வா" என்று கத்திவிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தவள், "அது காப்புச் செல்லுங்க, ரெண்டு உதடு மாதிரி. தண்ணி நெறஞ்சா வாய் தெறக்கும், வத்துனா மூடிக்கும்" என்றாள். பேசாமலிருந்தவள் அதற்கப்புறம் விளக்கு வைக்கும்வரை நிறுத்தவே இல்லை. தேர்வு திங்கட்கிழமை, கொண்டுபோய் விடப்போவது நான்தான். நீங்கள் வரும்போது இன்னொரு நுண்ணோக்கி வாங்கி வரவும். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேர் குடித்தனம் நடத்த முடியாது.