எடை பார்த்து வாங்கிய லென்ஸ்

தேங்காய் வாங்குவதுபோல ஒரு கேமரா லென்ஸைக் கையில் தூக்கிப் பார்த்து, எது கனமோ அதுதான் நல்லது என்று வாங்கியவன் நான். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிப் பழி காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். எங்கள் நெசவுத் தெருவில் பிறந்தவன் எவனிடமாவது ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துப் பாருங்கள். நிறத்தைப் பார்க்க மாட்டான். உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல இரண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொள்வான். கனமாக இருந்தால் அசல். லேசாக இருந்தால் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தச் சட்டம் உலகத்திலுள்ள சகல பொருள்களுக்கும் செல்லும் என்று நம்பித்தான் வளர்ந்தேன். (தலையணை கனத்துக்குப் புத்தகங்களாகத் தேடிப் படித்ததும் இதனால்தான். பாதிக்கு மேல் பஞ்சு.)

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்ட ஆரம்பித்திருந்த காலம். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வசந்தி அக்காவுக்கு நிச்சயதார்த்தம் முடிவாயிற்று. மாப்பிள்ளை சேகருக்குச் சிங்கப்பூரில் வேலை. காலையில் நிச்சயம், அன்று இரவே விமானம், கல்யாணம் ஆறு மாதம் கழித்து.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு படம்டா. அவரு கையோட எடுத்துக்கினு போவணும்.”

“ஒண்ணு இன்னாத்துக்கு, நூறு எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, அப்பா ஏற்பாடு செய்திருந்த ஸ்டுடியோக்காரரை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். (அப்போது என்னிடம் கேமரா இல்லை என்பது ஒரு சிறு விவரம்.)

அதன்பின் மாலை முழுவதும் பிரவுசிங் சென்டரே கதி. இரண்டு கேமராக் கம்பெனிகளின் பக்தர்கள் இணையத்தில் போட்டுக்கொண்ட சண்டையைப் படித்தபோது, சின்னக் காஞ்சிபுரத்தில் வடகலை, தென்கலை நாமத்துக்காக நடக்கும் தகராறு ரொம்பவும் சாந்தமானதாகத் தோன்றியது. அத்தனை படிப்பிலும் எனக்குப் புரிந்தது ஒரு வாக்கியம்தான்: கேமராவோடு பெட்டியில் கூடவே வரும் சின்ன லென்ஸ், விவரம் தெரியாதவர்களுக்கானது.

சென்னையில் ஒரு கடை. விற்பனையாளர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று அந்தச் சின்னது. கையில் எடுத்தேன், இருப்பதே தெரியவில்லை. இன்னொன்று முழங்கை நீளம். ஏந்தினேன், இரண்டு தட்டுத் தட்டினேன், கண்ணை மூடிக்கொண்டேன். முகூர்த்தப் புடவை!

“இன்னா எடுக்கப் போறீங்க சார்?” என்றார் அவர்.

“வீட்டு விசேஷம்.”

“அப்போ சின்னது போதும் சார். பெருசு தூரத்துல இருக்கறதுக்கு. கிரவுண்டு, பறவை, அந்த மாதிரி. வீட்டுக்குள்ள வெச்சுக்கினு அவஸ்தைப்படுவீங்க.”

“இதுல வெயிட்டே இல்லியேபா.”

“வெயிட்டு இல்லாததுதான் சார் அதுல வசதி.”

பாவம், பட்டு அறியாத ஊர்க்காரர் என்று எண்ணிக்கொண்டேன். சின்ன லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி, கேமராவையும் பெரிய லென்ஸையும் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நிச்சயதார்த்தத்தன்று எங்கள் கூடத்தில் தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், இல்லை; ஒரு பாவு நெய்து முடித்து, அடுத்தது இன்னும் ஏற்றவில்லை. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியை அப்பா பலகை போட்டு மூடி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தார். “யாரும் விழுந்து கிழுந்து வைக்கக் கூடாது” என்று மூன்று முறை மிதித்தும் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் யோசிப்பவர். தன் மகனைத் தவிர.

தட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். மாப்பிள்ளையின் இடது காது தெரிந்தது. அருமையான காதுதான், ஆனால் வேறு எதுவும் தெரியவில்லை. திருப்பினேன். அக்காவின் மூக்குத்தி. பின்னால் நகர்ந்தேன். ஒரு சொம்பு உருண்டது. மறுபடி நகர்ந்தேன். முதுகில் சுவர். இப்போது மாப்பிள்ளைக்கு இரண்டு காதும் கிடைத்திருந்தன.

“மச்சான், எங்கியாவது போறீங்களா?” என்றார் சேகர்.

“வாசல்ல நில்லுங்க, வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்குது” என்று சமாளித்தேன். இருவரும் வாசற்படியில் வந்து நின்றார்கள். நடுவில் ஒரு சைக்கிள் போகலாம், அவ்வளவு இடைவெளி, அவ்வளவு வெட்கம். நான் தெருவில் இறங்கிப் பின்னாலேயே நடந்தேன். அக்காவின் தலையும் புடவையின் கரையும் ஒன்றாக வர மறுத்தன. (கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடிக்கலாம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.) சொந்தக்காரர்கள் ஜன்னலில் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரம் பார்க்கிறார்கள். அக்கா என்னையே பார்க்கிறாள், அழுகைக்குச் சற்று முன்பான முகத்தோடு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தெருவைக் கடந்து, எதிர்வீட்டுப் படியேறி, நிலையைத் தாண்டி உள்ளேயே போய்விட்டேன்.

எதிர்வீடு ஏகாம்பரம் மாமாவுடையது. அவருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷம். காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது யாருடையது யார் வாசல்வரை வரலாம் என்பதில் தொடங்கிய எல்லைத் தகராறு. நிச்சயத்துக்கு அழைப்பில்லை. அதனால் அவர் தறியிலிருந்து எழுந்து, ஜன்னலோரம் மறைந்து நின்று எங்கள் வீட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கடைசியில் இருவரும் தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் வந்தார்கள். ஆகா என்று இன்னும் ஓர் அடி வைத்தேன். தரை இல்லை.

கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி குழிக்குள் போனேன். என் முழங்கை பட்டு ஒரு கொத்து இழை அறுந்தது. ஏகாம்பரம் மாமா திரும்பினார். முதலில் தறியைப் பார்த்தார். பிறகுதான் என்னை.

“தறில இன்னாபா பண்ற?”

“போட்டோ, மாமா.”

“குழிக்குள்ளயா?”

அதற்குள் தெருவே ஓடி வந்துவிட்டது. இரண்டு வருஷமாக மிதிக்காத படியை அப்பா மிதித்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. “நகரு ஏகாம்பரம், நான் இழை பிடிக்கறேன், நீ முடிச்சுப் போடு” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “உன் புள்ளைய எடுத்துட்டு உட்காருபா, இடைஞ்சலா இருக்கான்” என்றார் மாமா. இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அக்காவும் சேகரும் குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்புத் தாங்காமல் சேகர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்து நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏகாம்பரம் மாமாவின் பெண் தன் செல்போனில் அதைப் படம் பிடித்து, புளூடூத்தில் மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டாள். அன்றிரவு சிங்கப்பூருக்குப் போனது அந்தப் படம்தான். என் கேமராவில் இருந்தவை: ஒரு காது, ஒரு மூக்குத்தி, எதிர்வீட்டு உத்தரம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சிங்கப்பூர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். இழுத்துப் பெரிதாக்கியதில் முகங்கள் கட்டம் போட்ட புடவைபோல ஆகிவிட்டன. ஆனாலும் இரண்டு பேரும் சிரிப்பது நன்றாகத் தெரியும். கீழ் மூலையில், வெள்ளத்தில் போகிறவனுடையதைப்போல, கேமராவைத் தூக்கிப் பிடித்த ஒரு கை.

போன வருஷம் அங்கே போயிருந்தேன். விருந்துக்கு வந்த ஒரு தம்பதி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். “இந்தக் கை யாருதுங்க?” என்று அந்தம்மா கேட்டார்.

நான் சோபாவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அது எங்க போட்டோகிராபர் கை” என்றாள் அக்கா, சாம்பார் வாளியை மேஜைமேல் வைத்தபடி. “மீதி ஆளு கீழ இருக்குது.”