கார்டுக்காக ஒரு குளிர்க் குளியல்

பிரேக்கை அழுத்தியது என்னவோ நிறுத்தத்துக்கு முன்னால்தான். ஆனால் திரை அப்படியே உறைந்துபோயிற்று. மறுபடி அதற்கு உயிர் வந்தபோது, மூன்று பெட்டி சிவப்புப் பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் பாதி நுழைந்து நின்றது. ஒரு பயணி கூரைமேல் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி ஐவோனி.

அடெர்பால் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் வண்டிமேல் ஒரு கீறல்கூட விழாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஆள் ஓய்வு பெற்றும் கால் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அது பிரேக் போட்டுக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் மகள்தான் தன் பழைய கம்ப்யூட்டரில் இந்த பஸ் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் ஓட்டிய அதே தடம், அதே வளைவுகள். வண்டிதான் சண்டி மாடு மாதிரி நின்று நின்று போயிற்று.

வண்டி படுத்தாலும் வாய் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பழைய தடத்தில் ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன் என்று டிப்போ நண்பர்கள் எல்லாரையும் அழைத்துவிட்டார்.

"அவனுங்க முன்னாடி இப்படிக் கொண்டுபோய் மோதினா என் மானமே போச்சு" என்றார், பக்கத்து வீட்டு ஜுரன்திரிடம். அவருடைய வண்டியில் கண்டக்டராக இருந்தவர் ஜுரன்திர். எல்லா விஷயத்திலும் யோசனை சொல்வார், டிக்கெட் கிழிப்பது போல.

"உன்மேல தப்பில்லடா. கம்ப்யூட்டருக்குக் கண்ணு பத்தலை. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கி மாட்டு."

கார்டு வந்தது. செங்கல் அளவு இருந்தது. வயர் சொருகும் அதன் வாய்களில் அழகாகச் சிவப்பு மூடிகள் போட்டிருந்தன. அடெர்பால் அவற்றைத் தொடவில்லை. தொட முடியாது. அந்த வீட்டில் சோபா பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, டிவி ரிமோட் பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தது. புதுப் பொருளின் உறையைக் கழற்றினால் அதன் ஆயுசு குறையும் என்பது மாமியார் டோனா லிடியா போட்ட சட்டம். மானிட்டர் வயர் மாட்டும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கார்டு பெட்டிக்குள் போகவில்லை. சிடி போடும் தட்டு குறுக்கே நின்றது. ரம்பத்தால் தட்டை அறுத்தார்கள். கார்டு உள்ளே போனதும் புதுப் பிரச்சினை எட்டிப் பார்த்தது.

"இதுக்குத் தனியா கரெண்டு வேணும்போல இருக்கே. பழைய பவர் சப்ளைல அந்த வயரே இல்லையே?" என்றார் அடெர்பால்.

"அப்போ பவர் சப்ளையை மாத்து" என்றார் ஜுரன்திர், அடுத்த டிக்கெட்டைக் கிழித்து.

புது பவர் சப்ளையும் வந்தது. அது பழையதைவிடப் பருமன். பெட்டியின் பக்கவாட்டு மூடி அதற்குப் பிறகு சாத்த மறுத்தது. கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதைதான். ஐவோனி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை இது ஓடலைன்னு வைங்க, திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வண்டில ஏத்திடுவேன். கூடவே உங்களையும்."

"மானிட்டர் அப்புறம். முதல்ல காத்தாடி சுத்துதான்னு பாப்போம்" என்றபடி அடெர்பால் பட்டனை அழுத்தினார்.

வீடே இருண்டது. குளியலறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

ஜூலை மாதம் அது, அந்த ஊரில் நடுக்குளிர்காலம். புல்லெல்லாம் உறைபனி பூக்கும் காலம். டோனா லிடியா குளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தொங்கும் மின்சார ஷவர் 'குளிர்காலம்' என்ற நிலையில் முழு மூச்சாகத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை பட்டனை அழுத்தியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத் தாங்காமல் ஃபியூஸ் போயிற்று.

"மாப்பிள்ளை! என்னைக் கொல்றதுக்கு இதைவிடச் சுலபமான வழியே கிடைக்கலையா உங்களுக்கு?"

ஜுரன்திரிடம் இதற்கும் யோசனை இருந்தது. "என் வீட்லேர்ந்து வயர் இழுத்துக்கோ."

சுவர் ஏறி வயர் இழுத்தார்கள். பட்டனை அழுத்தினார்கள். இந்த முறை ஜுரன்திர் வீடு இருண்டது. தலையில் ஷாம்பு நுரையோடு அவருடைய மனைவி சுவருக்கு மேலே எழுந்தாள். அவள் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஜுரன்திர் அன்று மாலை வரை வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியில் அடெர்பால் சட்டம் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை முடியும்வரை ஷவர், கரெண்டை அதிகம் தின்னாத 'கோடைகாலம்' நிலையில்தான் இருக்கும். அதைத் திருப்ப முடியாதபடி டேப்பும் ஒட்டினார். கோடைகாலம் என்று பெயர்தான். தலையில் விழுந்தது பனி.

வீடு பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தது. ஐவோனி குளித்துவிட்டு வந்து கணவரிடம் பேசவில்லை. பேச நினைத்தாலும் பல் கிட்டிக்கொண்டு விட்டிருக்கும்.

வயரைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் பேச அடெர்பால் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், டோனா லிடியா துடைப்பத்தோடு அந்த அறைக்குள் நுழைந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அழுக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அடெர்பால் திரும்பி வந்தபோது பெட்டி பளபளவென்று இருந்தது. வயர்கள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மாமியார் மடியில் ஒரு குவியல் கிடந்தது.

"என்ன அத்தை இது?"

"உள்ள இருந்த காத்தாடில சுத்திக் கிடந்துது. பூனை முடி பாதி, என் கம்பளி நூல் பாதி. இதை வச்சு இன்னொரு பூனையே பின்னலாம். பாவம், அந்தக் காத்தாடி சுத்தவே முடியாம கிடந்துச்சு."

அடெர்பால் காதில் அது ஏறவில்லை. பட்டனை அழுத்தினார். திரை மலர்ந்தது. பஸ் கிளம்பியது. உறையவில்லை, துள்ளவில்லை. நிறுத்தத்தில் பிரேக்கை அழுத்தினார். கதவுக்கு நேரே கதவு வந்து நின்றது.

"ஐவோனி! ஓடுதுடீ!"

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. வேகவைத்த பின்யோன் கொட்டையை உரித்துத் தின்றபடி, இஞ்சி போட்டுக் காய்ச்சிய ஒயினைக் குடித்தபடி, டிப்போ நண்பர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஜுரன்திர் காதில் பேனாவைச் சொருகிக்கொண்டு நடுவில் நின்றார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில யாரும் நிக்காதீங்க! போலாம் ரைட்!"

வளைவு வந்தபோது எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒருத்தர் நிஜமாகவே நாற்காலியோடு விழுந்தார். சந்தை நிறுத்தம் வந்ததும் வழக்கம்போல அங்கே யார் ஏறுவார்கள் என்று பெயர் சொல்லிச் சிரித்தார்கள். அடெர்பாலுக்குக் கண் கலங்கியது. இத்தனை சந்தோஷமாக அவர் இருந்து வெகுநாளாயிற்று.

"ஒவ்வொரு இலையும் தனித்தனியா தெரியுதுய்யா!"

"கண்ணாடில நிழல் விழுது பாரு! அதுதான் கார்டு!"

"யோசனை யாரோடது?" என்றார் ஜுரன்திர், மார்பைத் தட்டி.

ஐவோனிகூட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி, ஒத்துக்கறேன். நல்லாத்தான் இருக்கு. நடுங்கினதுக்கு ஒரு பலன் கிடைச்சுது."

கடைசி நிறுத்தத்தில் வண்டியை மயிலிறகு மாதிரி நிறுத்திவிட்டு, அடெர்பால் எழுந்து கோப்பையை உயர்த்தினார். "இந்தக் கார்டுக்காக இன்னும் ஒரு வருஷம் வேணாலும் பச்சைத் தண்ணில குளிக்கலாம்! என்ன சொல்றீங்க அத்தை?"

மூலையில் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்த டோனா லிடியா தலையை வெளியே நீட்டினார்.

"எந்தக் கார்டு, அந்தப் புதுசா? அது அழுக்காகக் கூடாதுன்னு சிவப்பு மூடியைக்கூடக் கழட்டாம, மானிட்டர் வயரை அந்தப் பழைய ஓட்டையிலதானே மாப்பிள்ளை சொருகி வச்சிருக்கேன்!"